குளிர்நிலத்துக்கு எந்தச் செர்ரி?

மே மாதம் பிறந்துவிட்டால் கனடாவின் பெரிய கடைகளின் வாசலில் பழமரக் கன்றுகள் வரிசை கட்டி நிற்கும். ஆள் உயரத் தண்டு, அதில் தொங்கும் அட்டை, அட்டையில் பளபளக்கும் கருஞ்சிவப்புச் செர்ரிக் கொத்து. வாங்குபவர் படத்தைப் பார்த்து மயங்கிக் காரில் ஏற்றிவிடுகிறார். அந்த ஊரின் ஜனவரி எப்படியிருக்கும் என்பது அட்டையில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. முதல் கோடையில் கன்று நன்றாகத் துளிர்க்கும். அடுத்த வசந்தத்தில் கிளை நுனிகள் பட்டுப்போயிருக்கும். அதற்கடுத்த வசந்தத்தில் மேலே ஒன்றும் இருக்காது; தரையை ஒட்டி மட்டும் ஏதோ துளிர்க்கும், அதுவும் வாங்கிய ரகமாக இருக்காது. இந்த இழப்பு ஏன் நேர்கிறது என்பது தெரிந்துவிட்டால் அதைத் தவிர்ப்பது எளிது.

கடுங்குளிர் ஊரில் செர்ரி வைக்க நினைப்பவருக்கு என் யோசனை ஒன்றுதான். உங்கள் ஊர் குளிர்காலத்தில் மைனஸ் 30ஐத் தொடும் என்றால் இனிப்புச் செர்ரியை விட்டுவிட்டுப் புளிப்புச் செர்ரிக்கு வாருங்கள். அதிலும் ஒட்டுக்கட்டாமல் தன் சொந்த வேரிலேயே நிற்கும் புதர் ரகத்தைத் தேடுங்கள். புளிப்பு என்றதும் பலருக்கு முகம் சுருங்குகிறது. ஏதோ இரண்டாந்தரப் பழத்தைத் தலையில் கட்டுவதாக நினைக்கிறார்கள். நெல்லிக்காயையும் மாங்காயையும் உப்புத் தொட்டுத் தின்று வளர்ந்தவர்கள் அப்படி நினைக்கலாமா? இப்போது கிடைக்கும் புளிப்பு ரகங்களில் சில, செடியிலேயே முழுதாகப் பழுக்க விட்டால் கையில் அள்ளித் தின்னும் அளவுக்கு இனிக்கின்றன. மற்றவை தொக்குக்கும் ஜாமுக்கும் சாறுக்கும் பிறந்தவை.

உங்கள் ஊர்க் குளிர்

கனடாவின் இயற்கை வளத் துறை நாட்டை 0 முதல் 9 வரை குளிர் மண்டலங்களாகப் பிரித்து வரைபடம் வெளியிட்டிருக்கிறது. எண் குறையக் குறையக் குளிர் கூடும். சாஸ்கட்டூன், எட்மண்டன், கால்கரி, வின்னிபெக் ஆகிய ஊர்கள் 3, 4 என்ற எண்களில் வருகின்றன. ஒட்டாவா 5ஐ ஒட்டி இருக்கிறது. டொரண்டோவின் ஏரிக்கரைப் பக்கம் 6, 7 என்று ஏறும். அமெரிக்க வேளாண் துறையின் வரைபடம் வேறு கணக்கில் போடப்பட்டது. ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டுமே அது பார்க்கும். அதில் மண்டலம் 3 என்றால் மைனஸ் 40 முதல் மைனஸ் 34 வரை. 4 என்றால் மைனஸ் 29 வரை. 5 என்றால் மைனஸ் 23 வரை. கனடிய வரைபடமோ உறைபனி இல்லாத நாட்கள், கோடை மழை, பனிப் போர்வையின் ஆழம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. எனவே இரண்டிலும் ஒரே எண் ஒரே பொருளைத் தராது. அட்டையில் மண்டலம் 4 என்றிருந்தால் எந்த நாட்டு 4 என்று நர்சரிக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் உங்கள் ஊருக்கு உரியதைவிட ஒரு எண் குறைந்த ரகத்தை எடுப்பது நல்லது.

எண் மட்டும் போதாது. செர்ரியைக் கொல்லும் குளிர் நான்கு விதமாக வரும். நடுக்குளிர்காலத்தின் ஆழ்ந்த குளிர் ஒன்று. இனிப்புச் செர்ரியின் பூமொட்டுகள் மைனஸ் 25ஐ ஒட்டியே கருகத் தொடங்கிவிடும். இன்னும் இறங்கினால் கட்டையே பட்டுப்போகும். இரண்டாவது, நடுவில் வரும் பொய்யான வெயில். கால்கரிப் பக்கம் மலையைத் தாண்டி இறங்கும் சினூக் காற்று சில மணி நேரத்திலேயே வெப்பத்தை 20 டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். உறக்கத்தில் இருந்த மரம் அதில் நெகிழ்ந்துவிடுகிறது. அடுத்த குளிர் வரும்போது அதனிடம் பழைய தாங்கும் திறன் இருப்பதில்லை. மூன்றாவது, பிப்ரவரி, மார்ச் மாதப் பிற்பகல் வெயில். பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தண்டின் தென்மேற்குப் பக்கப் பட்டையைச் சூடாக்கும். சூரியன் மறைந்ததும் அந்தப் பட்டை சட்டென்று உறைந்து நீளவாக்கில் வெடிக்கும். தண்டுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் வெள்ளைச் சுருள் காப்பு சுற்றுவதும் இதற்காகத்தான். நான்காவது, வசந்தத்தில் பூ விரிந்த பிறகு வரும் உறைபனி. விரிந்த பூக்கள் மைனஸ் 2க்கே கொஞ்சம் சாகும். மைனஸ் 4க்குப் போனால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்த வருஷம் பழம் மட்டும் இருக்காது.

பூ பிழைத்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பனி உருகி மொட்டுகள் உப்பத் தொடங்கும்போது நாலைந்து மொட்டுகளைப் பறித்துப் பிளேடால் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். ஒரு மொட்டுக்குள் இரண்டு மூன்று பூக்கள் பொட்டுப் பொட்டாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் நடுவும் வெளிர் பச்சையாக இருந்தால் அந்தப் பூ உயிரோடு இருக்கிறது. சுற்றிப் பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மிளகுத் தூள் போல ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் சூலகம் செத்துவிட்டது. அந்தப் பூ அழகாக விரியும், காய்க்காது. மொட்டே வேண்டாம், கிளை உயிரோடிருந்தால் போதும் என்றால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை ஈரம் தெரிந்தால் உயிர். காய்ந்த பழுப்பு தெரிந்தால் அந்த இடம் வரை வெட்டிவிடலாம்.

இனிப்புச் செர்ரி எங்கே சரிவரும்?

கனடாவில் இனிப்புச் செர்ரி வணிகமாக விளைவது பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனகன் பள்ளத்தாக்கிலும் ஒண்டாரியோவின் நயாகரா பகுதியிலும். இரண்டுமே பெரிய ஏரிகளின் அருகே இருப்பவை. ஏரி நீர் குளிரின் கூர்மையை மழுக்குகிறது. டொரண்டோ, மிசிசாகா, ஹாமில்டன் வாசிகள் வெயில் படும், காற்று மறைந்த மூலை இருந்தால் முயன்று பார்க்கலாம். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் ரகம் வேண்டும். பழைய இனிப்பு ரகங்கள் பெரும்பாலானவற்றுக்குத் துணைமரம் இல்லாமல் காய் பிடிக்காது. சம்மர்லாந்து ஆராய்ச்சி நிலையம் 1968இல் வெளியிட்ட ஸ்டெல்லாதான் இந்தக் குறையைத் தீர்த்த முதல் வணிக ரகம். அதன் வழிவந்த லேப்பின்ஸும் எளிதில் கிடைக்கிறது. இவற்றுக்கு இன்னொரு எதிரி மழை. பழுக்கும் வாரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து அழுகும். மண்டலம் 5க்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் இனிப்புச் செர்ரியைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குச் செலவாகும் இடத்தில் கீழே சொல்லப்போகும் புதர்கள் மூன்று நிற்கும்.

புளிப்பு மரங்கள்

புளிப்புச் செர்ரி ஏன் குளிரைக் கூடுதலாகத் தாங்குகிறது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. ஐரோப்பிய இனிப்புச் செர்ரியும், யூரேசியப் புல்வெளிகளில் இடுப்பளவுக்கு வளரும் காட்டுப் புதர்ச் செர்ரியும் இயற்கையாகவே கலந்து உண்டான இனம் அது. புல்வெளித் தாயிடமிருந்து குளிர் தாங்கும் குணம் வந்தது; கூடவே புளிப்பும் வந்தது. இந்தத் தாய்வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சாஸ்கட்டூன் புதர்களின் ரகசியமும் இதுவே.

பழைய மரங்களில் புகழ்பெற்றது மோன்ட்மோரென்சி. பிரான்ஸில் பிறந்து, இன்று மிச்சிகன் மாநிலத்தின் பண்ணைகளை நிறைத்திருக்கும் ரகம். மேல்தோல் பளிச்சென்ற சிவப்பு, உள்ளே தெளிந்த மஞ்சள் சதை. மண்டலம் 5இல் நம்பி வைக்கலாம், 4இல் மறைவான இடமாக இருந்தால் பார்க்கலாம். சிறிய தோட்டத்துக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இரண்டு ரகங்கள் நல்லவை: 1950இல் வந்த நார்த் ஸ்டார், 1952இல் வந்த மீட்டியர். நார்த் ஸ்டார் குட்டை மரம். ஏணி இல்லாமல் பறித்துவிடலாம். சதை சிவந்து, சாறு கறையாகப் பிடிக்கும். மீட்டியரின் சாறு தெளிந்திருக்கும்.

எட்மண்டன் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நிற்கும் மரம் ஈவன்ஸ் செர்ரி. அல்பெர்டாவின் தாவரநோய் வல்லுநர் யூவன் ஈவன்ஸ் 1970களில் எட்மண்டனுக்கு அருகே ஒரு பழைய பண்ணையில் பல பத்தாண்டுகளாகக் காய்த்துக்கொண்டிருந்த மரங்களைக் கண்டார். அங்கிருந்து எடுத்துப் பெருக்கிப் பரப்பிய ரகம் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் பாலி என்ற பெயரிலும் விற்கிறார்கள். நாலு மீட்டர் வரை வளரும், தன் மகரந்தத்தில் காய்க்கும், மண்டலம் 3 வரை பிழைக்கும். ஒரு முதிர்ந்த மரம் ஆகஸ்டில் குடும்பத்தைத் திணறடிக்கும் அளவுக்குப் பழம் தரும். வேரிலிருந்து பக்கக் கன்றுகள் புல்தரையில் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பது ஒன்றுதான் தொல்லை. புல் வெட்டும்போது சேர்த்து வெட்டிவிட்டால் போதும். பூப்பாத்தியின் நடுவில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

சாஸ்கட்டூன் தந்த புதர்கள்

1940களில் சாஸ்கட்டூனில் லெஸ் கெர் என்ற பயிர்ப்பெருக்குநர், சைபீரியா பக்கத்துப் புல்வெளிச் செர்ரியைப் புளிப்புச் செர்ரியோடு கலக்கத் தொடங்கினார். ஏற்கெனவே பாதி புல்வெளி இரத்தம் உள்ள மரத்துக்கு மேலும் புல்வெளி இரத்தம் ஊட்டிய வேலை அது. ரஷ்யாவில் மிச்சுரின் என்ற பயிர்ப்பெருக்குநரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இதே வழியில் போயிருக்கிறார்கள். குளிர் தாங்கும் திறன் உடனே வந்துவிட்டது. பழம் சிறுத்து, துவர்த்து, சீக்கிரம் உதிர்வதாக இருந்தது. பழத்தைப் பெரிதாக்கவும் இனிப்பேற்றவும் சாஸ்கட்செவன் பல்கலைக்கழகத்தில் ரிக் சவாட்ஸ்கி, பாப் போர்ஸ் போன்றவர்களின் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. 1999இல் முதல் ரகமாக கார்மைன் ஜுவல் வெளிவந்தது. 2004இல் ரோமியோ, ஜூலியட், கியூபிட், வாலண்டைன், கிரிம்சன் பேஷன் என்ற ஐந்தும் காதல் வரிசை என்ற பெயரில் ஒன்றாக வந்தன.

இந்த ஆறும் புல்வெளி மாகாணங்களின் வீட்டுத் தோட்டத்தையே மாற்றிவிட்டன என்று தயங்காமல் சொல்வேன். எல்லாம் தன் மகரந்தத்தில் காய்ப்பவை. ஒற்றைப் புதர் போதும். பூவில் வேலை செய்ய வண்டும் தேனீயும் வேண்டும், எனவே பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். எல்லாம் தன் வேரில் நிற்பவை. இதன் பயன் ஒரு கெட்ட குளிர்காலத்துக்குப் பிறகுதான் தெரியும். பனி மூடியிருந்த மட்டத்துக்கு மேலே கிளைகள் பட்டுப்போனாலும், கீழிருந்து துளிர்ப்பது அதே ரகம். இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடி காய்க்கும். ஒட்டுச்செடியில் அது நடக்காது. அங்கே மேலே இருப்பது ஒரு ரகம், வேர் வேறொரு செடியினுடையது. மேல்பாகம் செத்தால் வேர்ச்செடி தலைதூக்கிக் கசப்பான சின்னக் காய்களைத் தரும். முதல் பத்தியில் சொன்ன மர்மத் துளிர் அதுதான்.

கார்மைன் ஜுவல் முதலில் பழுப்பது. சாஸ்கட்டூனில் ஜூலை நடுவிலேயே தொடங்கிவிடும். இரண்டு மீட்டரை ஒட்டிய உயரம், அதிகம் பக்கக் கன்று விடாத அடக்கம். பழம் 4 கிராமுக்குள், கொட்டை சிறியது, உள்ளே வெளியே எல்லாம் கறுப்பை நெருங்கும் சிவப்பு. கோடை குறுகிய ஊர்களுக்கும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இதில் எல்லோரையும் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. ஜூலை தொடக்கத்திலேயே பழம் சிவந்து, பழுத்துவிட்டது போலத் தோன்றும். பறித்து வாயில் போட்டால் பல் கூசும். விட்டு வையுங்கள். சிவப்பு கறுத்து, லேசாகத் தொட்டால் சதை இளகி, இழுத்தவுடன் காம்பிலிருந்து பழம் நழுவ வேண்டும். அந்த இரண்டு மூன்று வாரக் காத்திருப்பில் சர்க்கரை ஏறுவதை நாக்கே சொல்லிவிடும்.

கையில் வைத்துத் தின்ன வேண்டும் என்றால் ஜூலியட்டும் கியூபிடும். ஜூலியட்டின் பழம் கார்மைன் ஜுவலைவிடப் பெரியது, இனிப்பும் கூடியது. கியூபிட் எல்லாவற்றிலும் பருத்தது, ஆறு கிராமைத் தாண்டும். ஆனால் பழுக்க ஆகஸ்ட் ஆகும், காய்ப்புக்கு வரவும் சற்று நாளாகும். ரோமியோவும் தாமதமாகப் பழுப்பது. சாறுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. இந்த மூன்றில் ஒன்றையும் கார்மைன் ஜுவலையும் சேர்த்து வைத்தால் பறிப்புக் காலம் ஒரு மாதத்துக்கு நீளும். வாலண்டைன் பளிச்சென்ற சிவப்பு, நல்ல புளிப்பு. பேக்கரிக்காரர்கள் விரும்பும் ரகம். நம் சமையலில் தொக்கு கிளறவும் ஊறுகாய் போடவும் இதைத்தான் தேடுவேன். நல்லெண்ணெயும் பெருங்காயமும் மிளகாய்த்தூளும் சேர்ந்தால் மாங்காய்த் தொக்குக்குப் பக்கத்தில் உட்காரும். பக்கக் கன்று விடுவதில் ஆறிலும் இதுவே முந்தும் என்பதால் வேலியோரமாக வையுங்கள், ஆனால் பக்கத்து வீட்டுப் புல்தரையை ஒட்டி வேண்டாம். கிரிம்சன் பேஷன்தான் இனிப்பில் முதலிடம். முழுதாகப் பழுத்ததில் சர்க்கரை அளவு 100க்கு 22 வரை போகும், கார்மைன் ஜுவலில் அது 14ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் செடி மெலிந்தது, வளர்ச்சி மந்தம், குளிரையும் மற்றவை அளவுக்குத் தாங்காது. மண்டலம் 4, 5இல் மறைவான இடம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். மண்டலம் 3 காரர்கள் ஜூலியட்டோடு நின்றுகொள்வது மேல்.

நட்ட மூன்றாம் ஆண்டு சில பழங்களைக் காணலாம். ஐந்தாம் ஆண்டுக்கு மேல் ஒரு புதர் நல்ல இடத்தில் 10 கிலோ வரை தரும்.

மற்ற புதர்கள்

நான்கிங் செர்ரி வடசீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தது. இலை விடுமுன்பே கிளை முழுவதும் வெளிர் ரோஜா நிறத்தில் பூத்துத் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும். பழம் சின்னது, சிவந்தது, இனிப்பும் புளிப்பும் கலந்தது. காம்பே இல்லாதது போலக் கிளையோடு ஒட்டியிருக்கும். சதை மிக மென்மை என்பதால் கடைக்கு வராது, வீட்டில் வைத்தவர்களுக்கே கிடைக்கும். கட்டாயம் இரண்டு செடிகள் வேண்டும், அதுவும் ஒரே செடியின் பதியன்களாக இல்லாமல் தனித்தனி விதைக் கன்றுகளாக. சீக்கிரம் பூப்பதால் சில ஆண்டு உறைபனியில் காய்ப்பு போகும். ஆனாலும் விலை மலிவு, வறட்சியும் தாங்கும், உயிர்வேலியாகவும் நிற்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் இதை விரும்பிச் சொல்வேன்; அவர்கள் கை எட்டும் உயரத்தில் காய்க்கிறது.

மணற்செர்ரி வட அமெரிக்கப் புல்வெளியின் சொந்தச் செடி. மணலிலும் காற்றிலும் தாக்குப்பிடிக்கும். கறுத்த பழம், துவர்ப்பு தூக்கலானது, ஜெல்லிக்கு ஆகும். இதைப் பிளம்ஸோடு கலந்து தெற்கு டகோட்டாவில் நீல்ஸ் ஹான்சன் உருவாக்கியவைதான் ஒபாட்டா, சாபா முதலிய செர்ரிப் பிளம் ரகங்கள். பழம் அருமை. ஆனால் அவற்றுக்குத் துணைச்செடியாக இன்னொரு செர்ரிப் பிளமோ மணற்செர்ரியோ வேண்டும். புளிப்புச் செர்ரிப் புதர் பக்கத்தில் நின்று பயனில்லை. இந்தத் தகவல் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

செர்ரி என்ற பெயரில் விற்கப்படும் அலங்கார மரங்களையும் பிரித்தறிய வேண்டும். ஊதா இலை மணற்செர்ரி, பொன்னிறப் பட்டை உரியும் அமூர் செர்ரி, வெள்ளைக் கொத்தாகப் பூக்கும் மேடே மரம் ஆகியவை கண்ணுக்கு விருந்து, வாய்க்கு அல்ல. மேடே மரம் அலாஸ்காவில் காட்டுக்குள் பரவித் தொல்லையாகிவிட்டது. ஆங்கரேஜ் நகரில் குளிர்காலத்தில் இதன் கொம்புகளைத் தின்ற மூஸ் கன்றுகள் சயனைடு விஷத்தால் செத்திருக்கின்றன. இதுவும், சிவப்பு இலைச் சோக்செர்ரியும் கருமுடிச்சு நோய்க்கு வீடு. கிளையைச் சுற்றிக் கரி அப்பியது போன்ற கட்டிகள் தெரிந்தால், இலையில்லாத காலத்தில் கட்டிக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். பக்கத்துத் தெருவில் இந்த நோய் பிடித்த மரம் இருந்தால், செர்ரியும் பிளம்ஸும் வைப்பவர்கள் ஆண்டுதோறும் தங்கள் கிளைகளைத் தடவிப் பார்ப்பது அவசியம்.

வாங்குவதும் நடுவதும்

நர்சரியில் ஒரே கேள்வி கேளுங்கள்: இது ஒட்டா, சொந்த வேரா? தண்டின் அடியில் முழங்கை மடங்கியது போல ஒரு வளைவும் தடிப்பும் தெரிந்தால் அது ஒட்டு. சாஸ்கட்டூன் ரகங்கள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் வந்த சிறு கன்றுகளாகத் தொட்டியில் இருக்கும். ஒல்லியாக, அரை மீட்டர்கூட இல்லாமல் இருப்பதைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். ஆள் உயர ஒட்டுக்கன்றைவிட அதுதான் நீண்டகாலம் நிற்கும். ஒரே மரத்தில் நான்கு இனிப்பு ரகங்களை ஒட்டிய கன்றுகளை ஆசை காட்டி விற்பார்கள். குளிர் ஊரில் நான்கில் வலுவான ஒன்றைத் தவிர மற்றவை ஒவ்வொன்றாக உதிரும்.

இடம் தேர்வதில் வெயிலுக்கு முதலிடம், வடிகாலுக்கு அதற்கடுத்த இடம். செர்ரி வேர் நீர் தேங்கினால் மூச்சடைத்துச் சாகும். களிமண் தோட்டம் என்றால் குழியில் உரம் கொட்டுவதற்குப் பதில் முழங்கால் உயர மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். தோட்டத்தின் பள்ளமான மூலையைத் தவிருங்கள். குளிர்காற்று தண்ணீரைப் போலவே தாழ்ந்த இடத்தில் தேங்கும், பூ உதிர்வது அங்கேதான். தோண்டுமுன் நிலத்தடியில் எரிவாயு, மின் இணைப்பு எங்கே போகிறது என்று குறித்துத் தரும் இலவசச் சேவையை அழைத்துவிடுங்கள். புதர்களுக்கு இடையே இரண்டு மீட்டர் விடலாம், வேலியாக வேண்டுமானால் ஒன்றரை போதும். பால்கனித் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. மண்ணுக்குள் இருக்கும் வேரைக் காக்கும் பனிப் போர்வை தொட்டி வேருக்குக் கிடையாது.

நடவு வசந்தத்தில். முதல் இரண்டு கோடையும் வாரம் ஒருமுறை வேர் நனைய நீர் விட்டு, மரத்தூளோ மரச்சில்லோ மூடாக்கு போடுங்கள், தண்டில் ஒட்டாமல். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம். அது இளந்தளிரைத் தூண்டும், தளிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். ஆகஸ்டில் நீரையும் குறையுங்கள். நிலம் உறைவதற்குச் சற்று முன்பு ஒருமுறை மட்டும் ஆழமாக விடுங்கள். தண்டைச் சுற்றிக் கம்பி வலை போடாவிட்டால் பனிக்கடியில் வயலெலி பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும், பனிக்கு மேலே முயல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கவாத்து இலையுதிர் காலத்தில் செய்யக் கூடாது; கடுங்குளிர் முடிந்து மொட்டு உப்புமுன் செய்யுங்கள். நான்கைந்து ஆண்டு வரை பட்ட கிளை, உரசும் கிளை தவிர ஒன்றையும் தொட வேண்டாம். அதன்பின் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முதிர்ந்த தண்டுகளை அடியோடு எடுத்துப் புதுத் தண்டுக்கு இடம் விடுங்கள்.

பறவையும் பறிப்பும்

பழம் சிவக்கத் தொடங்கிய அன்றே ராபினும் வாக்ஸ்விங்கும் வந்துவிடும். ஒரு வாக்ஸ்விங் கூட்டம் இறங்கினால் ஒரு காலைப்பொழுதில் புதரை வெறுமையாக்கிவிடும். எனவே நிறம் ஏறுமுன்பே வலை கட்டுங்கள். ஓரங்களைத் தரையில் கல் வைத்து அழுத்துங்கள், இல்லாவிட்டால் பறவை உள்ளே சிக்கித் தவிக்கும். புதர் ரகங்களின் அருமை இங்கேயும் தெரியும்: இரண்டு மீட்டர் புதரை ஒருவரே போர்த்திவிடலாம், நாலு மீட்டர் ஈவன்ஸ் மரத்தை முடியாது. உயரமான மரத்தில் மேல் கிளைகளைப் பறவைகளுக்கு விட்டுவிட்டுக் கீழ்க்கிளைகளை மட்டும் மூடுவது நியாயமான பங்கீடு. மிதமான குளிருள்ள பகுதிகளில் புள்ளிச் சிறகுப் பழ ஈ என்ற பூச்சி பழுக்கும் பழத்துக்குள்ளேயே முட்டையிடும். அங்கே முன்னதாகப் பழுக்கும் ரகமே பாதுகாப்பு. பழுத்ததைத் தாமதிக்காமல் பறித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், உதிர்ந்ததைத் தரையில் விடாதீர்கள்.

எல்லாச் செர்ரிகளின் கொட்டைப் பருப்பிலும் இலையிலும், குறிப்பாக வாடிய இலையில், சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. தவறி ஒரு கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டால் பயமில்லை. ஆனால் சாறுக்கோ தொக்குக்கோ கொட்டையோடு மிக்ஸியில் அடிக்கக் கூடாது. வெட்டிய கிளைகளை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடவும் கூடாது. கொட்டை எடுக்கக் கைக்கருவி கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் கொண்டை ஊசியின் வளைவைக் காம்புக் குழியில் செருகிச் சுண்டினால் வந்துவிடும். பழத்தைச் சில மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சதை இறுகிச் சாறு அதிகம் சிந்தாது. பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள், கார்மைன் ஜுவலின் கறை துவைத்தால் போகாது.